மடிக்கும் கைப்பேசி: ஒரு நாளைக்கு ஐந்து வெள்ளி கொடுக்கலாமா?

2025 பிப்ரவரி 18-ஆம் தேதி நம் கோலாலம்பூரில் ஒரு கைப்பேசியை அனைத்துலகச் சந்தைக்கு அறிமுகம் செய்தார்கள். ஹுவாவேயின் மேட் எக்ஸ்டி. மூன்றாக மடியும். முழுதாக விரித்தால் 10.2 அங்குலத் திரை, கிட்டத்தட்ட ஒரு டேப்லெட். விலை 14,999 வெள்ளி. அதே பிப்ரவரி முதல் தேதியில்தான், ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. சாப்பாடு, வாடகை, பெட்ரோல் எதற்கும் தொடாமல் அந்தச் சம்பளத்தை அப்படியே எடுத்து வைத்தாலும், அந்தக் கைப்பேசியை வாங்க ஒன்பது மாதம் ஆகும்.

மூன்றாக மடிவதை வாங்குகிறவர்கள் நம்மில் குறைவு. இரண்டாக மடிவது அப்படியில்லை. லோயாட் பிளாசாவில் ஒரு சுற்றுச் சுற்றினாலே தெரியும்; கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று திறந்து மூடித் திறந்து மூடிப் பார்க்கிற கூட்டம் எப்போதும் இருக்கிறது. வானொலியில் தொழில்நுட்பம் பேசுகிற நாட்களில் எனக்கு வரும் குரல் பதிவுகளிலும் இதே கேள்விதான்: "இந்த மடிக்கிற போன் வாங்கலாமா, அவ்வளவு காசுக்குத் தகுமா?"

"தகும்", "தகாது" என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம்தான். ஆனால் கேட்கிறவர் யார், அதை வைத்து என்ன செய்யப் போகிறார் என்று தெரியாமல் சொல்கிற பதிலால் யாருக்கும் பயனில்லை. அதனால் நீங்களே போட்டுப் பார்க்கக்கூடிய ஒரு கணக்கைச் சொல்கிறேன். அதற்கு முன் பொருளைப் பற்றிக் கொஞ்சம்.

புத்தகமா, பவுடர் டப்பாவா?

மடிக்கும் கைப்பேசிகளில் இரண்டு வகை. ஒன்று புத்தகம் மாதிரித் திறப்பது. மூடியிருந்தால் சாதாரணக் கைப்பேசி. திறந்தால் ஏறக்குறைய எட்டு அங்குலத் திரை. சாம்சுங்கின் இசட் ஃபோல்ட் இந்த வகை. நம் நாட்டில் புதிதாக வாங்கினால் ஏழாயிரம் வெள்ளியைத் தாண்டும். இன்னொன்று முகத்துக்குப் போடும் பவுடர் டப்பா மாதிரி மேலிருந்து கீழாக மடிவது. இசட் ஃப்ளிப் அந்த வகை. அது திறந்தால் மற்றக் கைப்பேசிகளின் அளவுதான். மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கும். விலையும் குறைவு.

இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. முதல் வகைக்குக் கொடுக்கும் காசு பெரிய திரைக்கு. இரண்டாவது வகைக்குக் கொடுக்கும் காசு சின்ன அளவுக்கும், கொஞ்சம் அழகுக்கும். பஞ்சாபி உடையிலும் சேலையிலும் பாக்கெட் இல்லாத நமக்கு, கைக்குள் அடங்கும் கைப்பேசி ஒரு வசதிதான்.

திரைக்குள் என்ன இருக்கிறது?

2019 ஏப்ரலில் சாம்சுங் தன் முதல் ஃபோல்டை விற்பனைக்கு முன்பே விமர்சகர்களிடம் கொடுத்தது. அமெரிக்க விலை 1,980 டாலர். சில நாட்களிலேயே சிலருடைய திரை செத்துப்போனது. திரையின் மேலிருந்த படலத்தை வழக்கமான ஸ்கிரீன் புரொடெக்டர் என்று நினைத்து உரித்தவர்கள் சிலர். உரிக்காமலே திரை போனவர்களும் உண்டு. கீலின் ஓரத்தில் இருந்த சிறு இடைவெளி வழியாகத் தூசி உள்ளே போயிருந்தது. விற்பனையைத் தள்ளிப்போட்டு, ஓட்டைகளை அடைத்து, செப்டம்பரில்தான் மறுபடி கொண்டு வந்தார்கள்.

அதற்குப் பிறகு பொருள் நிறைய முன்னேறிவிட்டது. அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2020-இல் வந்த இசட் ஃபோல்ட் 2 கையில் 282 கிராம் கனத்தது. 2025-இல் வந்த இசட் ஃபோல்ட் 7 வெறும் 215 கிராம். மடிக்காத எஸ்25 அல்ட்ராவைவிட மூன்று கிராம் குறைவு. ஆரம்பத்தில் இரண்டு லட்சம் முறை மடித்துச் சோதித்தோம் என்றார்கள். இப்போது ஐந்து லட்சம் முறை என்கிறார்கள். ஒரு நாளைக்கு நூறு முறை மடித்தால்கூட, இரண்டு லட்சம் என்பதே ஐந்து ஆண்டுக்கு மேல் வரும். "மடிச்சு மடிச்சே உடைஞ்சிடும்" என்ற பயம் இனி பெரிதாக வேண்டாம்.

ஆனால் மடிகிற பொருள் இன்னமும் மென்மையானதுதான். வழக்கமான கைப்பேசியின் கண்ணாடி மடியாது. மடிய வேண்டுமென்றால் அது மிக மெல்லியதாக இருக்க வேண்டும். 2020-இல் வந்த முதல் இசட் ஃப்ளிப்பில் அந்தக் கண்ணாடியின் தடிமன் 30 மைக்ரான், அதாவது ஒரு தலைமுடியைவிட மெல்லியது. அதைக் காப்பாற்ற மேலே ஒரு பிளாஸ்டிக் படலம் ஒட்டுகிறார்கள். நாம் உள்திரையைத் தொடும்போது விரல் படுவது அந்தப் படலத்தில்தான். நகம் அழுத்தினாலே தடம் விழலாம். நடுவில் தெரிகிற மடிப்புக் கோடும் இதனால் வருவதுதான்.

தூசிக் கதையையும் பார்த்துவிடுவோம். கைப்பேசி விளம்பரங்களில் ஐபி என்று தொடங்கி இரண்டு எண்கள் வரும். முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 2021-இல் வந்த ஃபோல்ட் 3-க்கு ஐபிஎக்ஸ்8. தண்ணீருக்கு எட்டு, நல்ல மதிப்பெண். தூசிக்கு எண் இருக்க வேண்டிய இடத்தில் எக்ஸ், அதாவது மதிப்பெண்ணே இல்லை. 2024-இல் ஃபோல்ட் 6 ஐபி48 ஆனது. அந்த நான்கின் பொருள், ஒரு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துகள் உள்ளே போகாது என்பது. போர்ட்டிக்சன் கடற்கரை மணலில் பெரும்பகுதி அதைவிடச் சின்னது. கோயிலில் நெற்றியில் இட்டுக்கொண்டு அதே விரலோடு கைப்பேசியைத் திறக்கிறோமே, அந்தத் திருநீறு இன்னும் சின்னது. தூசிக்கு முழு மதிப்பெண்ணான ஆறைப் பெற்று, ஐபி68 என்று ஒரு மடிக்கும் கைப்பேசி வந்ததே 2025-இல்தான். அது கூகலின் பிக்சல் 10 புரோ ஃபோல்ட். கடையில் பார்க்கிற மாடலுக்கு அந்த முதல் எண் என்ன என்று கேளுங்கள்.

ஐந்து வெள்ளிக் கணக்கு

புத்தக வகைக் கைப்பேசி ஒன்று 7,500 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஆண்டு பயன்படுத்துகிறோம். ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஏழு வெள்ளி. வாட்சப், வங்கிச் செயலி, வேஸ், யூடியூப், நல்ல படம் எல்லாவற்றையும் குறையில்லாமல் செய்கிற மடிக்காத கைப்பேசி 2,000 வெள்ளிக்குக் கிடைக்கிறது. அதையும் மூன்று ஆண்டுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு இரண்டு வெள்ளிக்கும் கீழே. இடையில் இருக்கும் வித்தியாசம் ஐந்து வெள்ளி.

மடிகிறது என்பதற்காக மட்டும் நாம் தினமும் கொடுக்கும் காசு அது. மாமாக் கடையில் ஒரு தே தாரிக்கும் ரொட்டி சானாயும். "அவ்வளவுதானா" என்று தோன்றலாம். அடுத்த கேள்வியைக் கேளுங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை முறை அதைத் திறப்பீர்கள்? பத்து முறை திறந்தால் ஒரு திறப்புக்கு ஐம்பது காசு. ஒரே ஒரு முறை திறந்தால் ஐந்து வெள்ளி. வாரத்துக்கு ஒரு முறை என்றால் முப்பத்தைந்து வெள்ளி.

எனக்குத் தெரிந்து மடிக்கும் கைப்பேசி வைத்திருப்பவர்கள் ஏழெட்டுப் பேர். முதல் மாதம் எல்லாரும் திறந்தார்கள். எங்களுக்குத் திறந்து காட்டவும் செய்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தால் பாதிப் பேர் வெளித்திரையிலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொள்கிறார்கள். வாட்சப்புக்குப் பதில் போட யாரும் புத்தகத்தைத் திறப்பதில்லை. டிக்டாக் காணொளி நெட்டுக்குத்தான் வருகிறது. சதுரத் திரையில் அதற்கு இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை.

மீதிப் பாதிப் பேரைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் உறவுக்காரர் ஒருவர் காப்புறுதி முகவர். வாடிக்கையாளர் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து பாலிசிப் பத்திரத்தை விரித்துக் காட்டுகிறார். எழுத்து பெரிதாகத் தெரிவதால் வயதானவர்களும் தாங்களே படிக்கிறார்கள். அந்தத் திரையிலேயே கையெழுத்து. முன்பு மடிக்கணினிப் பையைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர். ஒரு நாளைக்கு இருபது முறையாவது திறப்பேன் என்கிறார். எங்கள் நிலையத்தில் காணொளி வேலை பார்க்கும் தம்பி, பாதி மடித்து மேசையில் நிறுத்திவிடுகிறார். தாங்கி தேவையில்லை, மேல் பாதியில் படம் ஓடும், கீழ்ப் பாதியில் கட்டுப்பாடுகள். இவர்களுக்கு அந்த ஐந்து வெள்ளி வேலைக் கருவிக்குப் போகும் செலவு. போட்ட காசு திரும்பி வருகிறது.

"பெரிய திரைதான் வேணும்" என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. 2,000 வெள்ளிக் கைப்பேசியோடு 1,500 வெள்ளிக்கு ஒரு டேப்லெட். மொத்தம் 3,500. பிள்ளைகளின் பாடத்துக்கும், தாத்தா பாட்டி படம் பார்க்கவும் வீட்டில் எல்லாருக்கும் அது பயன்படும். பாக்கெட்டில் போக வேண்டிய பெரிய திரை என்றால்தான் மடிக்கும் கைப்பேசிக்கு வேலை.

படமும் பேட்டரியும்தான் முக்கியம் என்பவர்களுக்குப் பதில் இன்னும் எளிது. ஃபோல்ட் 7-இன் பேட்டரி 4,400. அதைவிட விலை குறைந்த எஸ்25 அல்ட்ராவின் பேட்டரி 5,000. தூரத்தில் இருப்பதை இழுத்துப் படம் எடுக்கும் கேமராவும் அல்ட்ராவில்தான் சிறப்பு. மடிப்பதற்காகத் தடிமனைக் குறைக்கும்போது எதையாவது விட்டுக்கொடுக்கத்தான் வேண்டியிருக்கிறது.

"மாசம் இருநூறுதான் அக்கா!"

கையில் 7,500 வெள்ளியை எண்ணி வைத்து வாங்குகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் தவணையில் வாங்குகிறார்கள். முப்பத்தாறு மாதம், வட்டியில்லாவிட்டாலும் மாதம் 208 வெள்ளி.

என் சித்தி மகனுக்கு இருபத்து நான்கு வயது. போன மாதம் அவன் சொன்ன வசனம்தான் மேலே இருக்கிறது. மாமாக் கடை மேசையில் ரசீதைத் திருப்பிப் போட்டுக் கணக்கு எழுதினோம். சம்பளம் 2,700. சேமநிதி, சொக்சோ பிடித்தம் போகக் கையில் வருவது சுமார் 2,380. அறை வாடகை 450. மோட்டார் கடன் 280. பிடிபிடிஎன் 150. சித்திக்குக் கொடுப்பது 300. சாப்பாட்டுக்கு 700. பெட்ரோல், தொலைபேசிக் கட்டணம் 150. எல்லாம் போக மிச்சம் 350. அதில் இருந்துதான் அந்த 208 போக வேண்டும்.

"அப்பயும் நூத்தி நாப்பது இருக்குல்ல?" என்றான்.

இருக்கிறது. மோட்டாருக்கு இரண்டு டயர் மாற்றினால் அந்த மாதம் அது போய்விடும். பல் வலி வந்தால் போய்விடும். தீபாவளிக்குத் தங்கைக்கு ஒரு துணி எடுத்தால் போய்விடும். அந்த நேரத்தில் உள்திரை போனால் என்ன செய்வாய் என்று கேட்டேன். அதைப் பற்றி அவன் யோசித்திருக்கவே இல்லை. தற்செயல் சேதத்துக்கு வழக்கமான உத்தரவாதம் பொருந்தாது. உள்திரை போனால் பெரும்பாலும் கீலோடு சேர்த்து முழுப் பகுதியையும் மாற்றுவார்கள். அந்தச் செலவு ஒரு நல்ல நடுத்தரக் கைப்பேசியின் விலையைத் தொடும். கைப்பேசி செத்த பிறகும் தவணை மட்டும் மாதா மாதம் ஓடும்.

"உங்க கணக்குல ஜாலியே இல்ல அக்கா" என்றான். உண்மைதான். ஆசைப்படுவது தப்பு என்று நான் அவனிடம் சொல்லவில்லை. முதல் சம்பளக்காரனுக்குக் கையில் ஒரு நல்ல பொருள் இருப்பது பெருமைதான். அந்தப் பெருமைக்கும் ஒரு விலை வைக்கலாம். ஆனால் அது முப்பத்தாறு மாதத்துக்குத் தாங்குமா? புது மாடல் ஆண்டுக்கு ஒரு முறை வருகிறது. இரண்டாவது ஆண்டில் யாரும் "அட, மடிக்குதே" என்று கேட்க மாட்டார்கள். தவணையில் மட்டும் இன்னும் இரண்டு ஆண்டு பாக்கியிருக்கும்.

நான் அவனுக்குச் சொன்ன அளவுகோல் இதுதான். தவணை கட்டிய பிறகும், கடன் வாங்காமல் உள்திரையை ஒரு முறை மாற்றும் அளவுக்குச் சேமிப்பு இருக்க வேண்டும். இருந்தால் வாங்கு. இல்லையென்றால் அந்தக் கைப்பேசி இன்னும் உன் சம்பளத்துக்கு வரவில்லை. அவன் இன்னும் முடிவெடுக்கவில்லை. ஆனால் போன வாரம் இரண்டு இடங்களில் உள்திரை மாற்ற எவ்வளவு என்று கேட்டு எனக்கு அனுப்பியிருக்கிறான்.

பழையது வாங்கலாமா?

அவன் அடுத்துக் கேட்டதும் இதுதான். மடிக்கும் கைப்பேசிகளின் மறுவிற்பனை விலை வேகமாக இறங்குகிறது. விற்கிறவருக்கு அது நட்டம், வாங்குகிறவருக்கு வாய்ப்பு. ஆனால் பழைய மடிக்காத கைப்பேசியை வாங்குவதைவிட இதில் கவனம் அதிகம் வேண்டும்.

கடையிலேயே வெள்ளைப் படம் ஒன்றையும் கறுப்புப் படம் ஒன்றையும் உள்திரை முழுக்க வைத்துப் பாருங்கள். மடிப்பு ஓரத்தில் கோடோ புள்ளியோ தெரிந்தால் வேண்டாம். மேல் படலம் நடுவில் குமிழ் விட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பாதி திறந்து மேசையில் நிறுத்துங்கள். தானாகச் சாய்ந்தால் கீல் தளர்ந்துவிட்டது. திறக்கும்போது நறநறவென்று சத்தம் கேட்டால் உள்ளே மணல். மென்பொருள் புதுப்பிப்பு இன்னும் எத்தனை ஆண்டுக்கு வரும் என்றும் பாருங்கள். 2024-இலிருந்து வந்த ஃபோல்ட், ஃப்ளிப் மாடல்களுக்கு ஏழு ஆண்டு என்று சாம்சுங் சொல்லியிருக்கிறது. அதற்கு முந்தியவற்றுக்கு அவ்வளவு இல்லை.

வாங்குவது என்று முடிவாகிவிட்டால்

முதலில், கடைக்காரரிடம் கேட்க வேண்டியது கைப்பேசியின் விலையை மட்டும் இல்லை. உத்தரவாதம் முடிந்த பிறகு உள்திரை மாற்ற எவ்வளவு, சேவை மையம் எந்த ஊரில், எத்தனை நாள் ஆகும் என்று கேளுங்கள். சிரம்பானிலோ சுங்கை சிப்புட்டிலோ இருக்கிறவர் ஒவ்வொரு முறையும் அதற்காகக் கோலாலம்பூர் வர முடியாது.

இரண்டாவது, "மலேசியா செட்"தானா என்று உறுதி செய்யுங்கள். வெளியிலிருந்து வந்த "ஏபி செட்" சில நூறு வெள்ளி மலிவாகக் கிடைக்கும். அதற்கு இங்கே உற்பத்தியாளரின் உத்தரவாதம் இல்லாமல் போகலாம். மற்றக் கைப்பேசியில் அந்த ஆபத்தை எடுக்கலாம். மடிக்கும் கைப்பேசியில் வேண்டாம். ஹுவாவே மாடல் என்றால் கூகல் சேவைகள் உள்ளே பதிந்து வராது என்பதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

மூன்றாவது, தற்செயல் சேதத்துக்கான பாதுகாப்புத் திட்டத்தை வாங்கும்போதே எடுங்கள். மற்றக் கைப்பேசிக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. இதற்குப் பரிந்துரைப்பேன். எத்தனை முறை மாற்றித் தருவார்கள், ஒவ்வொரு முறையும் நாம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று அந்தச் சின்ன எழுத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

நான்காவது, பழக்கம். டச் என் கோ அட்டையைக் கைப்பேசியோடு சேர்த்து வைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. மடிக்கும் கைப்பேசியின் இரண்டு பாதிகளுக்கு நடுவில் அட்டை, நாணயம், சாவி எதையும் வைத்து மூடாதீர்கள். உள்திரைமேல் இருக்கும் படலத்தை உரிக்காதீர்கள். சந்தைக் கடையில் புதுப் படலம் ஒட்டவும் கொடுக்காதீர்கள். கடற்கரைக்குப் போனால் அது பைக்குள்ளேயே இருக்கட்டும்.

ஐந்தாவது, ரசீது. உங்கள் பக்கம் நியாயம் இருந்தும் கடை கையை விரித்தால், 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே பதிவு செய்யலாம். கட்டணம் ஐந்து வெள்ளி. ரசீது, உத்தரவாத அட்டை, கடையோடு பேசிய குறுஞ்செய்திகள் எதையும் அழித்துவிடாதீர்கள்.

கடைக்குப் போவதற்கு முன் ஒரு வாரம் இதைச் செய்து பாருங்கள். இப்போது கையில் இருக்கும் கைப்பேசியில், "இந்தத் திரை போதவில்லையே" என்று உண்மையாகவே தோன்றும் ஒவ்வொரு முறையும் ஒரு தாளில் கோடு போடுங்கள். ஆவணம் படிக்கும்போது, கணக்கு அட்டவணை பார்க்கும்போது, பிள்ளையின் பாடத்தைத் திறக்கும்போது எல்லாம் கணக்கில் வரும். ஞாயிற்றுக்கிழமை எண்ணுங்கள். ஐம்பது அறுபது கோடு இருந்து, உள்திரைச் செலவைத் தாங்கும் சேமிப்பும் இருந்தால், தயங்காமல் போய் வாங்குங்கள். உங்களுக்கு அது தகும். ஐந்தாறு கோடுதான் என்றால், அந்த 5,500 வெள்ளிக்கு உங்கள் வீட்டில் வேறு வேலை காத்திருக்கிறது.